லொகேஷன் அனுப்பினேனே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வழிகாட்டும் செயலிகள் வந்த பிறகு ஓட்டுநர்களுக்கு ஒரு தெருவும் நினைவில் நிற்பதில்லை, போனில் பேசும் குரல் இடது பக்கம் திரும்பச் சொன்னால் குளத்துக்குள்ளேயும் வண்டியை இறக்கிவிடுவார்கள் என்ற பொருளில் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். 26 ஆண்டுகளாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். சீட்டில் எழுதிக் கொடுத்த விலாசத்தைப் பல்லில் கடித்துக்கொண்டும் ஓட்டியிருக்கிறேன், இப்போது ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டிய போனைப் பார்த்தும் ஓட்டுகிறேன். நான் பார்த்த வரையில், வழி மறந்துபோனது வண்டியில் இருப்பவரைவிட வீட்டில் இருப்பவருக்குத்தான் அதிகம். தன் வீட்டுக்கு எப்படி வருவது என்று இன்னொருவருக்குச் சொல்லத் தெரிந்த ஆட்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஓர் இரவைச் சொல்கிறேன். மணி 2.20 இருக்கும். வயதான அம்மா ஒருவருக்கு மூச்சுத்திணறல் என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து தகவல் வந்தது, கூடவே லொகேஷனும் வந்தது. சாலையில் ஈ காக்கை இல்லை. எட்டு நிமிடத்தில் போய்விட்டோம். 'நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்' என்று போன் சொன்னது. எதிரே ஓர் ஆளைவிட உயரமான மதில் சுவர். கேட் இல்லை, கதவு இல்லை, விளக்குகூட இல்லை. அழைத்தவருக்குப் போன் போட்டேன். பேரன் எடுத்தான்.

"லொகேஷன் அனுப்பினேனே அண்ணே! நான் அதே இடத்துலதான் நிக்கிறேன்."

"தம்பி, நாங்க சுவர் பக்கத்துல நிக்கிறோம். கேட் எந்தப் பக்கம்?"

"கேட்டா... முன்னாடிதான் இருக்கு."

"முன்னாடின்னா எந்தத் தெரு?"

பதில் இல்லை. தெருப் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு எதிரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எதிர்ல ஒரு வீடு இருக்கு" என்றான். என்ன நிறம்? கவனித்ததில்லையாம். அந்த வீட்டில் அவன் எத்தனை வருடமாக இருக்கிறான் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பதற்றத்தில் இருக்கும் பையனிடம் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. முழுத் தெருவையும் சுற்றிக்கொண்டு, ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையில் ஏறி, ஒவ்வொரு கேட்டாகப் பார்த்துக்கொண்டு போனதில் இன்னும் ஆறு நிமிடம் போனது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். எங்கள் டெக்னீஷியன் ஆக்ஸிஜன் வைத்த ஐந்தாவது நிமிடத்தில் கண்ணைத் திறந்து, "யாரு இவங்கல்லாம்?" என்று கேட்டார்.

அந்த ஆறு நிமிடம் என்னை விடவில்லை. அடுத்த ஓய்வு நாளில் அதே இடத்துக்கு நடந்தே போய்ப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. பாட்டி படுத்திருந்தது வீட்டின் பின்கட்டில். பேரன் பாட்டியின் கட்டிலருகே நின்றுகொண்டே லொகேஷன் அனுப்பியிருக்கிறான். குறி மிகச் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் அந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் சாலை எதுவோ, அதுவரைக்கும்தான் செயலி வண்டியைக் கொண்டுவந்து விடும். பின்கட்டுக்கு அருகில் இருந்தது பின்தெரு. நடுவில் இருக்கும் மதிலைப் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை. செயலியும் பொய் சொல்லவில்லை, பையனும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரவுப் பணியில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் நிறையக் கிடைக்கும். அதன் பிறகு இந்த நீலப் புள்ளி எப்படி வேலை செய்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நம்மைப் பார்ப்பதாக நான் நினைத்திருந்தேன். அவை யாரையும் பார்ப்பதில்லை. 'இப்போது மணி இவ்வளவு, நான் இருக்கும் இடம் இது' என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். அந்த அறிவிப்பு வந்து சேர எவ்வளவு நேரமானது என்று பார்த்து, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களை வைத்துப் போனே தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. எல்லாம் நேரக் கணக்கு. ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்து, அதில் ஒரே ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். அந்தச் செயற்கைக்கோள்களில் இருக்கும் அணுக் கடிகாரம் பூமியில் ஓடுவதைவிட நாளொன்றுக்கு இப்படி 38 பங்கு வேகமாக ஓடுமாம். ஐன்ஸ்டைனின் கணக்கை வைத்து அதையும் திருத்தித்தான் நமக்கு அனுப்புகிறார்கள். இவ்வளவு நுணுக்கமான சங்கதி கடைசியில் ஒரு மதிலில் வந்து முட்டி நிற்கிறது.

உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் இன்னொரு தொல்லை. சிக்னல் நேராக வராமல் எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் பட்டுத் தெறித்து வரும். சுற்றி வந்ததால் தாமதம், தாமதமானதால் நாம் தள்ளி இருப்பதாகப் போன் நினைத்துக்கொள்ளும். புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுவது இதனால்தான். வீட்டுக்குள் இருந்தால் சிக்னல் மேலும் மெலிந்துபோகும். அப்போது போன் வைஃபையையும் செல்போன் கோபுரங்களையும் வைத்து ஒருமாதிரி ஊகிக்கும். அந்த நேரத்தில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீலத்தில் ஒரு பெரிய வட்டம் தெரியும், பார்த்திருப்பீர்கள். 'இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறாய், எங்கே என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை' என்பதுதான் அதற்கு அர்த்தம். அவ்வளவு நேர்மையாக அது ஒப்புக்கொள்கிறது. நாம்தான் அதைக் கவனிக்காமல் அனுப்பு பொத்தானை அழுத்திவிடுகிறோம். மாடி விஷயம் சொல்லவே வேண்டாம். பதினான்கு மாடிக்கும் வரைபடத்தில் ஒரே புள்ளிதான். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு எந்த மாடி என்று கத்திக் கேட்ட இரவுகள் எனக்கு நிறைய.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதத்தில்தான் அதை நிறுத்தினார்கள். எங்களுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை, ஏனென்றால் எங்களிடம் அந்தக் கருவியே கிடையாது. இருந்ததெல்லாம் அழைத்தவர்கள் சொன்ன வழி. எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? ஒரு பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மேட்டுல ஏறும்போது இடது பக்கம் மூணாவது விளக்குக் கம்பம் எரியாது. அதுக்கு அடுத்த சந்து. உள்ள வந்தா நாய் குரைக்கும், பயப்படாதீங்க, கட்டித்தான் இருக்கு. நாய்க்கு எதிர் வீடு." எரியாத விளக்கை அடையாளம் சொன்ன அந்த அம்மாவை நான் மறக்கவே மாட்டேன். நேராகப் போய் நின்றோம். நாயும் குரைத்தது.

சரி, அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படிச் சொன்னார்கள் என்று கதை விடமாட்டேன். வலதை இடது என்றவர்கள் உண்டு. 'ரெண்டே நிமிஷம்' என்று சொல்லி எங்களை அரை மணி நேரம் அலையவிட்டவர்கள் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன்பு இடித்துவிட்ட கட்டடத்தை அடையாளம் சொன்ன பெரியவரும் உண்டு. ஆனாலும் சொல்ல முயன்றார்கள். முயலும்போது வண்டி வரும் பக்கத்திலிருந்து தன் வீட்டை ஒருமுறை மனதுக்குள் பார்த்தார்கள். இன்னொருவர் கண்ணால் தன் தெருவைப் பார்க்கிற அந்தச் சின்னப் பழக்கம்தான் போய்விட்டது. இப்போது கேட்டால் வருகிற பதில் ஒன்றே ஒன்று: லொகேஷன் அனுப்பினேனே.

என்னைத் தொழில்நுட்பத்தின் விரோதி என்று எண்ணிவிட வேண்டாம். நெடுஞ்சாலையில் நள்ளிரவு விபத்து ஒன்று. கார் சாலையை விட்டு இறங்கிப் புதருக்குள் போய்விட்டது. ஓட்டியவர் அந்தப் பக்கத்துக்கே புதியவர். எந்த ஊரைத் தாண்டினோம், எந்த ஊர் வரும், ஒன்றும் அவருக்குத் தெரியாது. கால் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் அனுப்பிய குறி, கார் கிடந்த இடத்துக்கு நாலு எட்டு தள்ளி இருந்தது. சாலையிலிருந்து பார்த்தால் கார் தெரியவே தெரியாது. போன் இல்லாவிட்டால் விடிந்த பிறகுதான் யாராவது பார்த்திருப்பார்கள். வானம் திறந்த இடத்தில் இந்தக் கருவிக்கு ஈடு எதுவும் இல்லை. அவசர எண்ணை அழைத்த உடனே போன் தானாகவே இருப்பிடத்தை அனுப்பும் ஏற்பாட்டை 2014-இல் பிரிட்டனில் தொடங்கினார்கள். பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. எல்லா இடத்திலும் அது வர வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். மயங்கிக் கிடப்பவர் வழி சொல்ல மாட்டார்.

வேலையில் இது எங்களை எப்படி மாற்றிவிட்டது என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முன்பெல்லாம் எங்களுக்கென்று சில குறுக்குத் தெருக்கள் இருந்தன. பிரதான சாலை அடைத்துக்கொண்டால் உள்ளே புகுந்து வெளியே வந்துவிடுவோம். புதிதாகச் சேரும் பையன்களுக்குக்கூட ஆறு மாதம் கழித்துத்தான் சொல்லிக்கொடுப்போம். இப்போது செயலி எல்லாருக்கும் அதே தெருவைக் காட்டிவிடுகிறது. நாங்கள் உள்ளே திரும்பினால் முன்னால் நாற்பது கார். நெரிசலை அது கண்டுபிடிப்பதே சாலையில் போகிறவர்களின் போன்களை வைத்துத்தான். 2020-இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களை ஒரு சிறிய தள்ளுவண்டியில் போட்டு, காலியான தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடக்கும் காணொளி ஒன்றை வெளியிட்டார். வரைபடத்தில் அந்தத் தெரு சிவப்பாகிவிட்டது. எங்கள் டெக்னீஷியன் காட்டியபோது சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் யோசித்தால் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிவப்பை நம்பித்தானே நான் தினமும் வண்டியைத் திருப்புகிறேன்?

இன்னொன்று, எங்கள் வண்டியும் ஒரு புள்ளிதான். எங்கே போகிறோம், எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம் நின்றோம், எல்லாம் அலுவலகத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை நோயாளிக்கு நெஞ்சில் அழுத்தம் கொடுக்க வேண்டிய நிலை. ஓடும் வண்டியில் அதைச் சரியாகச் செய்வது கடினம். டெக்னீஷியன் "அண்ணே, ஓரங்கட்டுங்க" என்றார். ஓரங்கட்டினேன். நான்கு நிமிடம். அடுத்த வாரம் எனக்கு ஒரு தாள் வந்தது: 'காரணமில்லாத நிறுத்தம், விளக்கம் தரவும்.' விளக்கம் எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து ஓரங்கட்டச் சொன்னால் கால் பிரேக்கில் வைக்கும் முன்பு ஒரு கணம் அந்தத் தாள் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த ஒரு கணம் எந்தத் திரையிலும் தெரியாது.

கடிதம் எழுதிய வாசகர் நினைவாற்றலைப் பற்றிச் சொன்னதற்கும் வருகிறேன். லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் உரிமம் பெற, நகரின் மையத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். எலினார் மெக்வயர் என்ற ஆய்வாளரின் குழு அவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. இட நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பாகம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்ததை 2000-இல் வெளியிட்டார்கள். 2017-இல் வந்த இன்னொரு லண்டன் ஆய்வில், 24 பேரைக் கணினியில் தெருத் தெருவாக நடக்கவிட்டுப் பார்த்தார்கள். தானே வழி கண்டுபிடித்தபோது அந்தப் பகுதி சுறுசுறுப்பாக வேலை செய்தது. கருவி சொன்னபடி நடந்தபோது, எதிரே எத்தனை தெருக்கள் பிரிந்தாலும் அது கண்டுகொள்ளவே இல்லை.

2024 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு எங்கள் ஷெட்டில் பெரிய பேச்சாக இருந்தது. அமெரிக்காவில் சுமார் 90 லட்சம் இறப்புச் சான்றிதழ்களைத் தொழில்வாரியாகப் பிரித்துப் பார்த்ததில், அல்சைமர் நோயால் இறந்தவர்களின் விகிதம் மிகக் குறைவாக இருந்த இரண்டு தொழில்கள் டாக்ஸி ஓட்டுநர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ஒரே தடத்தில் போய் வரும் பேருந்து ஓட்டுநர்களிடம் அப்படி இல்லை. "நமக்கு மறதி வராதுடா!" என்று ஒரே கொண்டாட்டம். ஆனால் இதனால்தான் அது என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை. நான் வேறொன்றும் யோசித்தேன். அந்தக் கணக்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் செயலி இல்லாத காலத்தில் ஓட்டிய தலைமுறையாகத்தான் இருப்பார்கள். எங்கள் ஷெட்டில் இருக்கும் இருபத்தைந்து வயதுப் பையன்கள் எந்தக் கணக்கில் வருவார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர்களிடம் சொல்லவில்லை, கொண்டாட்டத்தைக் கெடுப்பானேன்.

என் வீட்டுக் கதையும் இதுதான். முன்பு மனைவி ஒருநாளைக்கு மூன்று முறை போன் செய்து 'எங்க இருக்கீங்க?' என்பாள். எரிச்சலாக இருக்கும். இப்போது லைவ் லொகேஷன் போட்டு வைத்திருக்கிறேன், போனே வருவதில்லை. ஒருமுறை மருத்துவமனையின் அடித்தள நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டேன், அங்கே சிக்னல் கிடையாது. புள்ளி அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் அப்படியே உறைந்துவிட்டது. மூன்று மணி நேரம் அது அசையாததைப் பார்த்து, எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவளைப் பார்த்ததும், அந்த எரிச்சலூட்டும் மூன்று அழைப்புகளும் பரவாயில்லை என்று தோன்றியது.

வாசகர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். ஆம்புலன்ஸை அழைக்கும்போது லொகேஷன் அனுப்புங்கள், கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் நோயாளியின் கட்டிலருகே நின்று அனுப்பாமல், முடிந்தால் வாசல் கேட்டுக்கு வந்து, அந்த வெளிர்நீல வட்டம் சுருங்கும் வரை சில நொடி பொறுத்து அனுப்புங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். இரவென்றால் வாசல் விளக்கை அணைத்து அணைத்துப் போடுங்கள், தூரத்திலிருந்தே தெரியும். எந்த மாடி, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்பதைக் கேட்காமலேயே சொல்லுங்கள். செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்க இணையம் தேவையில்லை, வரைபடம் இறங்கத்தான் தேவை. அதனால் உங்கள் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா இல்லாத இடத்திலும் கைகொடுக்கும். இதற்கெல்லாம் மேலாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் எல்லாரும் உட்கார்ந்து, போனைத் தொடாமல், பிரதான சாலையிலிருந்து உங்கள் வீட்டுக்கு எப்படி வருவது என்று ஒவ்வொருவராகச் சொல்லிப் பாருங்கள். நாலு வாக்கியம் போதும். வீட்டின் சிறு பிள்ளைகளும் சொல்லட்டும், ஏனென்றால் எங்களை அழைக்கும்போது சில வீடுகளில் நினைவோடு இருப்பது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

பணியில் இருப்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்

பி.கு.: இதை எழுதி முடித்துவிட்டு என் மகளிடம் அந்த நாலு வாக்கியத்தைக் கேட்டேன். கல்லூரியில் படிக்கிறாள். முதல் மூன்றும் அருமை. நாலாவதாக, "நீல கேட் போட்ட வீடு" என்றாள். பச்சைப் பெயின்ட் அடித்து இரண்டு வருடம் ஆகிறது என்றேன். நம்பாமல் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.